மூன்று பெயரையும் எழுதிவிட்டேன்

“மூணு பிள்ளைன்னு போடாதீங்கம்மா, ரெண்டுன்னு போடுங்க. சின்னசேலத்துல இருக்கிற பொண்ணுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது. அவங்க இருக்கிறது யாருக்குத் தெரியப்போகுது?”

விசா எடுத்துத் தருவதாகச் சொன்ன ஒருவர் என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துக்கொண்டே இதைச் சொன்னார். அவர் குரலில் கெட்ட எண்ணம் எதுவும் தெரியவில்லை. அவர் பார்வையில் அது ஒரு கணக்கு. எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

நான் கள்ளக்குறிச்சியில் கச்சிராயபாளையம் சாலைப் பக்கம் குடியிருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 67. கணவர் காலமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. பெரியவன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறான். நடுப்பெண் சின்னசேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். கடைக்குட்டி மெல்போர்னில் இருக்கிறாள், ஆஸ்திரேலியக் குடியுரிமையும் வாங்கிவிட்டாள். “தனியா இருந்து என்னம்மா பண்ணப்போற, இங்கயே வந்துடு” என்று வாரத்துக்கு இரண்டு முறையாவது சொல்லுவாள். அவள் சொல்லுவது பாசத்தால்தான். ஆனால் ‘வந்துடு’ என்ற அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை சட்டமும் எத்தனை ஆண்டுக் காத்திருப்பும் இருக்கின்றன என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. படிவத்தைக் கையில் எடுத்த பிறகே தெரிந்தது.

பெற்றோர் நிரந்தரமாகத் தங்குவதற்கான விசாவுக்கு ஆஸ்திரேலியா ஒரு தேர்வு வைத்திருக்கிறது. ‘குடும்பச் சமநிலை’ என்று அதைத் தமிழில் சொல்லலாம். பெற்ற பிள்ளைகளில் பாதிப் பேராவது அங்கே நிரந்தரமாக இருக்க வேண்டும். இல்லையென்றால், வேறு எந்த ஒரு நாட்டில் இருக்கும் பிள்ளைகளைவிடவும் அங்கே இருப்பவர்கள் எண்ணிக்கையில் கூடுதலாக இருக்க வேண்டும். எனக்கு இந்தியாவில் இரண்டு, ஆஸ்திரேலியாவில் ஒன்று. தேறவில்லை. நடுப்பெண்ணை எழுதாமல் விட்டால் ஒன்றுக்கு ஒன்று, பாதிக்குப் பாதி, தேறிவிடும். திண்ணையில் உட்கார்ந்தவர் சொன்ன கணக்கு இதுதான்.

எந்தப் பிள்ளை என்னை அதிகம் பார்த்துக்கொள்கிறது என்று அந்தத் தேர்வு கேட்பதில்லை. சின்னசேலத்துக்காரிதான் எனக்கு டெங்கு வந்தபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் பக்கத்திலேயே கிடந்தவள். அவளைத்தான் இல்லை என்று எழுதச் சொன்னார்கள். பொய்த் தகவல் தந்தது தெரிந்தால் மனுவை நிராகரிப்பதோடு மூன்று ஆண்டுகள்வரை மறுபடி விசா கிடைக்காமலும் செய்ய முடியும். இளையவள் தன் விசாவுக்கு மனுப் போட்ட காலத்தில் அக்காவின் பெயரையும் பிறந்த தேதியையும் அவள் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிறாள். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். ஆனால் தண்டனைக்குப் பயந்து நான் மறுக்கவில்லை. என்னால் எழுதாமல் விட முடியவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தேர்வில் தேறிய குடும்பங்களின் கதையும் சுலபமாக இல்லை. கட்டணம் குறைந்த பெற்றோர் விசாவுக்கு இன்று மனுப் போட்டால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்று ஆஸ்திரேலிய உள்துறையே சொல்கிறது. 67 வயதில் போட்டால் 97-இல் வரும். கட்டணம் கூடிய இன்னொரு வகை இருக்கிறது. ஒருவருக்கு ஏறக்குறைய 48,000 ஆஸ்திரேலிய டாலர், நம் பணத்தில் இருபத்தைந்து லட்சத்துக்கு மேல். அதற்கும் பத்து ஆண்டுகளைத் தாண்டிய வரிசை நிற்கிறது. இரண்டு வகைக்கும் சேர்த்தே ஆண்டுக்கு 8,500 இடம்தான். அநேகமாக ஒருநாளும் வராத விசாவுக்கு வயதானவர்களை மனுப் போட வைப்பது கொடுமையானது, தேவையற்றது என்று 2023-இல் அந்த நாட்டின் குடியேற்ற முறையை ஆராய்ந்த குழுவே எழுதியது. அப்படி எழுதிய பிறகும் வரிசை அப்படியே நிற்கிறது.

சங்கராபுரம் பக்கம் என்னோடு வேலை பார்த்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கட்டணம் கூடிய அந்த விசாவுக்கு மகன் மனுப் போட்டதும், பணம் தயாராக இருக்கட்டும் என்று வீட்டையும் கிணற்றோடு இருந்த ஒன்றரை ஏக்கர் கரும்பு நிலத்தையும் விற்றுவிட்டார். இப்போது அவரும் அவர் மனைவியும் வாடகை வீட்டில் மாடிப்படி ஏற முடியாமல் இருக்கிறார்கள். அந்தக் கட்டணத்தின் பெரும்பகுதியைக் கடைசியில், விசா கொடுக்கப்போகும் நேரத்தில்தான் கேட்பார்கள். மனுப் போடும்போது கட்டுவது சிறுபகுதி. இதை யாராவது அவரிடம் முதலில் சொல்லியிருந்தால் அந்தக் கிணறு இன்று அவரிடமே இருந்திருக்கும். இதைப் படிக்கும் பெற்றோருக்கு நான் கைகூப்பிச் சொல்வது ஒன்றுதான்: விசா கைக்கு வருவதற்கு முன்னால் வீட்டையும் நிலத்தையும் விற்காதீர்கள். வந்த பிறகும் உடனே விற்காதீர்கள். ஒரு குளிர்காலத்தை அங்கே கழித்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

நாட்டுக்கு நாடு விதி வேறு. அமெரிக்காவில் பிள்ளை குடிமகனாகி 21 வயதும் கடந்திருந்தால் பெற்றோர் விசாவுக்கு ஆண்டு எண்ணிக்கை வரம்பு கிடையாது. கனடாவில் பெற்றோரை அழைத்துக்கொள்ள 2020-இல் பெயர் கொடுத்த பிள்ளைகளிலிருந்தே பல ஆண்டுகளாக ஆட்களை மனுப் போட அழைத்தார்கள். அங்கே ‘சூப்பர் விசா’ என்று ஒன்று உண்டு. 2022 ஜூலையிலிருந்து அதில் ஒருமுறை போனால் ஐந்து ஆண்டுகள்வரை தங்கலாம். பிரிட்டன் 2012-இல் கதவை ஏறக்குறைய மூடிவிட்டது. குளிக்கவும் உடுத்தவும் பிறர் துணை தேவைப்படும் நிலையில் இருக்க வேண்டும், அந்தத் துணை காசு கொடுத்தாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்று நிரூபிக்கவும் வேண்டும். நடமாடும் உடம்போடு பேரனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் என்று போகிறவர்களுக்கு அங்கே இடமில்லை.

இனி காகிதங்களின் கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நம் ஊர்க்காரர்கள் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்.

என்னிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969-இல். அதற்கு முன் கிராமத்தில் வீட்டில் பிறந்த என் வயதுக்காரர்கள் பலருக்கும் டி.சி.யில் இருப்பதுதான் பிறந்த தேதி. என்னுடையது ஜூன் 1. அது எங்கள் ஊர்ப் பள்ளி வாத்தியார் போட்டது. “நீ மார்கழிக் குளிர்ல பொறந்தவடி” என்று அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதே வேலையைப் பின்னாளில் நானும் செய்தேன். 1986-இல் கல்வராயன் மலையில் வேலைக்குச் சேர்ந்தேன். ஜாகீர்தார்கள் கையிலிருந்த மலையை அரசாங்கம் எடுத்துக்கொண்டு அப்போது பத்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. ஜூன் மாதம் வெள்ளிமலைப் பக்கத்து ஊர்களிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பெற்றோர் காப்பித் தோட்ட வேலைக்குப் போயிருந்தால் பாட்டிதான் வருவாள். எப்போது பிறந்தான் என்று கேட்டால், “சாமை அறுத்தப்ப”, “கடுக்காய் பொறுக்கற காலத்துல”, “பெரிய மழையில ஓடை ஒடைச்சுக்கிட்டுப் போச்சே, அந்த வருஷம்” என்று பதில் வரும். நான் பிள்ளையின் பல்லைப் பார்ப்பேன். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வேன். ஒன்றாம் வகுப்புக்கு ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். அதற்கேற்ப மே மாதத்தில் ஒரு தேதி, ஜூனில் ஒரு தேதி என்று சேர்க்கைப் பதிவேட்டில் எழுதுவேன். பாட்டி கட்டைவிரலை மையில் ஒற்றி வைப்பாள்.

அப்படி நான் தேதி எழுதிச் சேர்த்த பையன் ஒருவன் இன்று இ-சேவை மையம் நடத்துகிறான். என் காகிதங்களைக் கணினியில் ஏற்றியவன் அவன்தான். பிறந்த தேதிக் கட்டத்தை நிரப்பும்போது கையை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“டீச்சர், எனக்கு மே 20-ன்னு நீங்கதானே போட்டீங்க? நெஜமா நான் எப்பப் பொறந்தேன்னு எங்க ஆயா ஏதாச்சும் சொல்லுச்சா?”

எனக்கு நினைவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கிழவி சொன்னதை நான் ஒரு எண்ணாக மாற்றிவிட்டேன். அவள் சொன்ன சொல்லை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தோன்றவில்லை.

தேதியை விட்டால் பெயர். பணிப்பதிவேட்டில் என் இனிஷியல் அப்பாவுடையது. ஆதாரில் கணவருடையது. பாஸ்போர்ட்டிலோ கணவர் பெயர் முழுசாகக் குடும்பப் பெயர் என்ற இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஓய்வூதியப் புத்தகத்தில் இன்னொரு எழுத்துக்கூட்டல். நான்கும் நான்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கினேன். பிறப்புப் பதிவு இல்லை என்று ஒரு சான்று வாங்குவதற்கு ஓர் அலுவலகத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து மறுபடி முதல் அலுவலகத்துக்கே அனுப்பினார்கள். நான்கு மாதம் போயிற்று. இத்தனைக்கும் நான் எழுதப் படிக்கத் தெரிந்தவள், பஸ்ஸில் ஏறி இறங்கத் தெம்புள்ளவள்.

சட்டம் திருத்தப்பட்டு, ஓராண்டுக்கு மேல் விட்டுப்போன பிறப்பைக் கோட்டாட்சியர் நிலையிலேயே ஆணையிட்டுப் பதியலாம் என்று ஆகியிருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் அது எழுபது வயதுக்காரரின் வீட்டு வாசலுக்கு வந்து சேரவில்லை. அயலகத் தமிழர் தினம் என்று ஜனவரி 12-ஐ அரசு கொண்டாடுகிறது, அயலகத் தமிழருக்கு நல வாரியமும் அமைத்திருக்கிறது. போனவர்களுக்குச் செய்வதை நான் குறை சொல்லவில்லை. அவர்களைப் பெற்றவர்கள் இங்கேதான் இருக்கிறோம். மாவட்டந்தோறும் ஆண்டுக்கு ஒரு முகாம் நடத்துங்கள். 1969-க்கு முன் பிறந்தவர்களின் பதிவு, பெயர்த் திருத்தம், ‘இரண்டு பெயரும் ஒருவரே’ என்ற சான்று ஆகியவற்றை ஒரே நாளில் ஒரே மேசையில் கொடுங்கள். கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. விழுப்புரத்துக்கு ஓடிய காலம் போய்விட்டது. அடுத்த மேசைக்கு ஓடும் காலமும் போக வேண்டாமா? எந்த விசாவுக்கு என்ன விதி, விண்ணப்பத்துக்கு என்ன கட்டணம் என்று தரகர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலை மாற, அந்த முகாமில் விவரம் தெரிந்த ஓர் அலுவலரும் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மனுவை நீங்கள் நிரப்புகிறீர்கள். நாங்கள் கையெழுத்து மட்டும் போடுகிறோம். கூப்பிடுவதற்கு முன்னால் ஒருமுறை, அங்கே பகலில் எப்படி இருப்பேன், எங்கே நடப்பேன், யாரோடு பேசுவேன் என்று எங்களைக் கேட்கவிடுங்கள். 2023-இல் ஆறு மாதம் நான் மெல்போர்னில் இருந்தேன். மகளும் மாப்பிள்ளையும் காலை ஏழரைக்குக் கிளம்பினால் பேரன் மூன்றரைக்கு வரும்வரை வீட்டில் சத்தமே இருக்காது. ஜூன் மாதம் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். கார் ஓட்டத் தெரியாமல் கடைக்குக்கூடப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை காரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே என்னைப் போலவே சால்வை போர்த்திய நாலைந்து அம்மாக்கள், எந்த ஊர் என்று கேட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். ஆனால் இரவு பேரன் என் பக்கத்தில் வந்து படுத்து என் தோடைத் திருகிக்கொண்டே தூங்குவான். அந்த விரல்களுக்காகத்தான் நான் மறுபடியும் மனுப் போடுகிறேன்.

நிரந்தர விசாவை விட்டுவிட்டேன். 2019-இல் வந்த 870 என்ற தற்காலிகப் பெற்றோர் விசாவில் பிள்ளைகளை எண்ணும் தேர்வு கிடையாது. ஒருமுறைக்கு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகள், மொத்தமாகப் பத்து ஆண்டுகள்வரை. ஐந்தாண்டுக்கு ஏறக்குறைய 12,000 டாலர், அதற்கு மேல் மருத்துவக் காப்பீட்டைச் சொந்தச் செலவில் எடுக்க வேண்டும். விலை அதிகம்தான். வேலை செய்யக்கூடாது, அந்த நாட்டு அரசு மருத்துவத் திட்டமும் கிடையாது. ஆனாலும் போகலாம், வரலாம். இங்கே என் வீடு இருக்கும். ஓய்வூதியம் என் கணக்கில் விழும்.

படிவத்தில் குடும்பத்தார் விவரம் எழுதும் பகுதி வந்தது. இ-சேவை மையத்துப் பையன் வாசித்தான், நான் சொன்னேன். மூன்று பெயர், மூன்று தேதி. மூன்றும் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் பதிவான தேதிகள். சின்னசேலத்துக்காரியின் பெயரை அவன் தட்டச்சு செய்து முடித்ததும் எழுத்து சரியா என்று என்னைப் பார்க்கச் சொன்னான். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். சரியாக இருந்தது. வீட்டுச் சாவியில் ஒன்றை அன்று சாயங்காலமே அவளுக்குக் கொடுத்தனுப்பினேன்.