மாமாவின் கார், என் பெயர்

வங்கி அதிகாரி அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தபோது எனக்கு 27 வயது. கிள்ளானில் 320,000 ரிங்கிட் விலையுள்ள ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு முன்பதிவுப் பணம் கட்டிவிட்டு, வீடமைப்புக் கடனுக்கு விண்ணப்பித்திருந்தேன். தாளில் என் பெயர், அடையாள அட்டை எண், அவற்றின் கீழே என் கடன்கள். ஒவ்வொரு கடனுக்கும் எதிரே பன்னிரண்டு கட்டங்கள், மாதத்துக்கு ஒன்று. 0 என்றால் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதத் தவணை நிற்கிறது. 2 என்றால் இரண்டு மாதம். ஒரு வரியில் 1, 2, 1, 0, 2, 1 என்று போய்க்கொண்டிருந்தது. அது கார் கடன். அந்தக் காரை நான் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை.

கார் என் மாமாவுடையது. அம்மாவின் தம்பி, வீடுகளுக்குச் சாயம் பூசும் குத்தகை வேலை செய்பவர். நான் வேலையில் நிரந்தரமான மாதமே வீட்டுக்கு வந்தார். "என் பேருக்கு லோன் கிடைக்காதுப்பா. உன் பேருல எடுத்துக் குடு. மாசாமாசம் நான் கட்டிடுறேன்" என்றார். அப்பா இறந்தபோது நான் படிவம் நான்கில் இருந்தேன். எஸ்பிஎம் முடியும் வரை என் டியூஷன் கட்டணத்தைக் கட்டியவர் மாமாதான். அவரிடம் எப்படி மாட்டேன் என்பது? கையெழுத்துப் போட்டேன்.

மாமா என்னை ஏமாற்றவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாத் தவணையும் கட்டினார். ஆனால் அவருக்கு வர வேண்டிய பணம் தாமதமாகும்போது இவரும் தாமதமாகக் கட்டினார். இரண்டு மாதத்துக்குச் சேர்த்து ஒரே தடவையில் கட்டினார். "அதான் கட்டிட்டேனே!" என்பது அவருடைய நியாயம். பேங்க் நெகாரா 2001-இல் தொடங்கிய மத்தியக் கடன் தகவல் முறைக்கு, சுருக்கமாக சிசிரிஸ், அந்த நியாயம் தெரியாது. எந்த மாதம் எத்தனை தவணை நின்றது என்பதைத்தான் அது எழுதி வைக்கும். யார் ஓட்டினார், ஏன் தாமதம் என்பதற்கெல்லாம் அதில் கட்டம் கிடையாது.

அடுத்த வரிக்கு மாமாவைக் குறை சொல்ல முடியாது. அது பிடிபிடிஎன் உயர்கல்விக் கடன். படிப்பு முடிந்து வேலை கிடைத்த பிறகும் நான் கட்டத் தொடங்கவில்லை. வாடகை வீடு மாறியபோது முகவரியை மாற்றவில்லை, கடிதம் வரவில்லை, வராத கடிதத்தை நானும் தேடவில்லை. ஆண்டுக்கு 1 விழுக்காடு கட்டணம்தானே, அரசாங்கக் கடன்தானே என்ற அலட்சியம். தாளில் அதற்கும் கட்டங்கள் இருந்தன.

இதைவிட என்னைத் திடுக்கிட வைத்தது வேறொரு கணக்கு. கையில் வரும் சம்பளம் 3,200 ரிங்கிட். வீட்டு விலையில் 90 விழுக்காடு, அதாவது 288,000 ரிங்கிட்டை, 35 ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டியில் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,275. பிடிபிடிஎன் 150. கார் 650. மொத்தம் 2,075, சம்பளத்தில் கிட்டத்தட்ட 65 விழுக்காடு. கார் இல்லையென்றால் 45 விழுக்காட்டுக்கும் குறைவு. வங்கிக்கு வங்கி இந்த வரம்பு மாறும். ஆனாலும் பாருங்கள்: மாமா ஒரு நாள் தவறாமல் கட்டியிருந்தாலும், அந்த 650 ரிங்கிட் என் கடனாகவே எண்ணப்பட்டிருக்கும். பெயரை இரவல் கொடுப்பவர்கள் யாரும் யோசிக்காத விஷயம் இது. நானும் யோசிக்கவில்லை.

அதனால்தான் சொல்கிறேன்: சொந்தக்காரர்களுக்குப் பணம் கொடுங்கள், பெயரைக் கொடுக்காதீர்கள். கல்நெஞ்சம் என்று சிலர் நினைக்கலாம். நம் குடும்பங்களில் பலருக்குப் பெயரைத் தவிர வேறு முதல் இருந்ததில்லை என்பது எனக்கும் தெரியும். தோட்டத்து லயத்து வீட்டை விட்டு வெளியேறியபோது என் தாத்தாவிடம் இருந்தது இரண்டு பெட்டியும், கடைக்காரர் நம்பிக் கடன் கொடுக்கும் நல்ல பெயரும்தான். ஆனால் அந்தக் கடைக்காரருக்குத் தாத்தாவைத் தெரியும். மழைக்காலத்தில் பால் வெட்டு இல்லையென்றால் சம்பளம் குறையும் என்பதும் தெரியும். சிசிரிஸ் தாளை வாசிப்பவருக்கு அது எதுவும் தெரியாது. மாமாவுக்கு மாதம் 200 ரிங்கிட் கொடுத்திருந்தால் எனக்குச் சேமிப்பு குறைந்திருக்கும், அவ்வளவுதான். ஜாமீன் கையெழுத்தும் இதே கதைதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் ஒன்றும் உண்டு. என் அம்மா இருபது ஆண்டு கூட்டு கட்டினார். ஒரு மாதம் தவறியதில்லை. (1971-இலேயே சட்டம் போட்டுத் தடுத்த விஷயம் அது என்று அவருக்குச் சொன்னால் இன்றும் நம்ப மாட்டார்.) அந்த இருபது ஆண்டு நாணயம் எந்தத் தாளிலும் இல்லை. கடனே வாங்காதவரைப் பற்றி வங்கிக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆகவே "கடனே வேண்டாம்" என்ற வீட்டு அறிவுரையும் முழுத் தீர்வு அல்ல. அதற்காக, "பதிவு வேண்டும், ஒரு கிரெடிட் கார்டு எடு" என்று நண்பர்கள் சொல்வதையும் நான் ஏற்க மாட்டேன். முழுத் தொகையையும் மாதாமாதம் கட்ட முடிந்தவருக்குச் சரி. குறைந்தபட்சத் தொகையாக 5 விழுக்காடு மட்டும் கட்டிவிட்டு மிச்சத்துக்கு 15 முதல் 18 விழுக்காடு வரை வட்டி கட்டப் போகிறவருக்கு அது குழி. உங்களில் பலருக்கு பிடிபிடிஎன் கடனே முதல் பதிவு. அதை ஒழுங்காகக் கட்டினாலே போதும்.

படிவம் மூன்று கணிதத்தில் சேமிப்பு, முதலீடு, கடன் பற்றி ஒரு பாடமே இருக்கிறது. நான் ஆசிரியராக இருக்கும் நண்பரின் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், நல்ல பாடம். வட்டியைக் கணக்கிடச் சொல்கிறார்கள். அதோடு, பெயரை மறைத்த ஒரு கடன் அறிக்கையை வகுப்பில் காட்டி, "இவருக்கு நீங்கள் கடன் கொடுப்பீர்களா?" என்று கேட்டால் என்ன? பதினைந்து வயதில் அந்தக் கட்டங்களை ஒருமுறை பார்த்திருந்தால், மாமா வந்த அன்று கையெழுத்துப் போடும் முன் ஒரு கேள்வியாவது கேட்டிருப்பேன்.

விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகு சரிசெய்ய எனக்கு 14 மாதம் ஆனது. முதலில் பிடிபிடிஎன் நிலுவையைக் கட்டி, சம்பளத்திலிருந்தே பிடிக்க ஏற்பாடு செய்தேன். கார்தான் கடினம். விற்றுக் கடனை அடைக்க வேண்டும் என்றேன். மாமா அந்தத் தீபாவளிக்கு வீட்டுக்கு வரவில்லை. அம்மா இரண்டு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை. விற்ற பணம் போதாமல் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் நான் கையிலிருந்து போட்டேன். அதன் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. தவணை தவறாமல் கட்டிக்கொண்டு மாதங்கள் கழியக் காத்திருக்க வேண்டும். சிசிரிஸ் காட்டுவது கடைசி 12 மாதங்களை. பழைய 2 ஒவ்வொன்றாக மறையும், புதிய 0 வரும்.

இந்தக் காத்திருப்பைக் குறைத்துத் தருவதாகச் சொன்னவர்கள் உண்டு. "பெயரைச் சுத்தம் செய்து தருகிறோம், 1,500 ரிங்கிட்" என்று வாட்ஸ்அப்பில் விளம்பரம் வந்தது. உண்மையான பதிவை யாராலும் காசு வாங்கிக்கொண்டு அழிக்க முடியாது. பதிவு தவறாக இருந்தால் சம்பந்தப்பட்ட வங்கியிடம் சொல்லித் திருத்தலாம். அதற்குத் தரகர் தேவையில்லை. இன்னொன்று: சிசிரிஸ் கறுப்புப் பட்டியல் அல்ல. அது மதிப்பெண்ணும் போடாது. 300 முதல் 850 வரை மதிப்பெண் போடுவது சிடிஓஎஸ் என்ற தனியார் நிறுவனம். கட்டாத கைப்பேசிக் கட்டணம்கூட அங்கே போய்ச் சேர வாய்ப்பு உண்டு. கடனில் உண்மையாகவே மூழ்கிக்கொண்டிருப்பவர்களுக்கு, பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தருகிறது. மாமாவை அங்கே அழைத்துப் போனேன். முதல் தடவை வாசலோடு திரும்பிவிட்டார். இரண்டாவது தடவை உள்ளே வந்தார்.

இரண்டாம் முறை விண்ணப்பித்தபோது கடன் கிடைத்தது. பழைய வீடு அதற்குள் விற்றுப் போயிருந்தது. அதே கட்டடத்தில் நான்கு மாடி மேலே இன்னொன்று, 12,000 ரிங்கிட் கூடுதல் விலையில் வாங்கினேன். மின்தூக்கி அடிக்கடி பழுதாகிறது, அம்மா முணுமுணுக்கிறார்.

போன மாதம் தங்கைக்குப் பல்கலைக்கழக இடம் கிடைத்து, பிடிபிடிஎன் பாரம் நிரப்பினாள். இ-சிசிரிஸில் பதிவு செய்து உன் அறிக்கையை இலவசமாகப் பார் என்றேன். பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையேண்ணே" என்றாள். கடன் தொடங்கிய பிறகு ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். பாரத்தில் முகவரி என்ற இடத்தில் எங்கள் புதிய வீட்டு எண்ணை எழுதினாள். வீடு மாறினால் அதையும் மாற்ற வேண்டும் என்று, நான் சொல்வதற்கு முன்பே, மாமா சொன்னார்.