மெல்லச் செல்வோர்க்கும் வழி வேண்டும்

ஒரு நகரத்தின் பண்பாட்டை அதன் மாளிகைகளைக் கொண்டு அளப்பார் உளர். அதன் நூலகங்களைக் கொண்டு அளப்பாரும் உளர். அதன் சாலையில் மெல்லச் செல்பவன் அஞ்சாமல் செல்ல முடிகிறதா என்பதையும் ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம் என்பது என் கருத்து. நடப்போரும் மிதிவண்டியில் செல்வோரும் ஒதுங்கி நிற்க, விரைவு ஒன்றே உரிமை பெற்ற சாலை எத்துணை அகலமாயினும் அது குறுகிய சாலையே ஆகும்.

அண்மையில் முதலாமாண்டு மாணவர் ஒருவரிடம், "கல்லூரிக்கு எப்படி வருகிறாய்?" என வினவினேன். "பேருந்தில் வருகிறேன் ஐயா. பள்ளியில் கொடுத்த சைக்கிள் வீட்டில் இருக்கிறது. அதில் வந்தால் நண்பர்கள் சிரிப்பார்கள்" என்றார். அவர் வீடு கல்லூரியிலிருந்து நான்கு கிலோமீட்டர் தொலைவில்தான் உள்ளது. அரசு விலையின்றி வழங்கிய வண்டி சுவரில் சாய்ந்து துருப்பிடிக்கிறது. மாணவரோ கூட்டத்தில் நசுங்கி, பேருந்துப் படியில் தொங்கி வருகிறார். அச்சிரிப்பு எங்கிருந்து பிறந்தது என எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மிதிவண்டி இன்று இரு முனைகளில் சிக்குண்டுள்ளது. ஒரு முனையில் அது வறியவர் ஊர்தி என இகழப்படுகிறது. மறுமுனையில் பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள பந்தய வண்டியாகி, செல்வர்தம் விடுமுறைப் பொழுதுபோக்காகிறது. இவ்விரண்டுக்கும் இடையில் மாணவனும் மாணவியும், ஆசிரியரும் முதியவரும் நிமிர்ந்து அமர்ந்து செல்லக்கூடிய நடுத்தர மிதிவண்டிப் பயணம் ஒன்று உண்டு. அதனை மீட்பதற்கு எளிய தொடக்கம், பூங்காக்களை இணைத்துச் சுற்றிவரும் வழியொன்றை நாமே வகுத்துக்கொள்வதாகும்.

வழி வகுக்கும் முறை

சென்னை மாநகரையே எடுத்துக்கொள்வோம். மேடுபள்ளம் மிகுதியாக இல்லாத சமநிலம் இந்நகருக்கு இயற்கை தந்த கொடை. கலங்கரை விளக்கத்தருகே தொடங்கி, காமராசர் சாலையில் சிறிது வடக்கே சென்று, இடப்புறம் திரும்பி இராதாகிருஷ்ணன் சாலை வழியே கதீட்ரல் சாலையை அடைக. அங்கே 2010-இல் திறக்கப்பெற்ற செம்மொழிப் பூங்காவும், 2024-இல் திறக்கப்பெற்ற கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவும் உள்ளன. பின்னர் ஆழ்வார்பேட்டை, நந்தனம் பகுதிகளின் வழியே கோட்டூர்புரம் பாலத்தில் அடையாற்றைக் கடந்தால் அண்ணா நூற்றாண்டு நூலகம் தோன்றும். காந்தி மண்டபச் சாலை முடிவுறும் இடத்தில் கிண்டிக் காட்டின் பசுமை நம்மை எதிர்கொள்ளும். ஒரு பெருநகரின் நடுவே ஏறத்தாழ 2.7 சதுர கிலோமீட்டர் பரப்பில் புள்ளிமானும் வெளிமானும் வாழும் தேசியப் பூங்கா அமைந்திருப்பது அரிய பேறு.

அங்கிருந்து சர்தார் பட்டேல் சாலையில் கிழக்கு நோக்கி அடையாற்றை அடைந்து, பெசன்ட் நகர்க் கடற்கரைக்குச் செல்க. பிறர் உயிரைக் காக்கக் கடலில் இறங்கி 1930-இல் தம் உயிரை ஈந்த கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபம் அங்கே நிற்கிறது. திரும்புகையில் பெசன்ட் அவென்யூவில் பிரம்மஞான சபையின் மரச்செறிவு நிழல் தரும். திரு.வி.க. பாலத்தைக் கடந்தபின், கழிமுகத்தை மீட்டு 2011-இல் உருவாக்கிய தொல்காப்பியப் பூங்காவைக் கண்டு, சாந்தோம் வழியே தொடங்கிய இடத்தை அடையலாம். இச்சுற்று இருபது கிலோமீட்டருக்குச் சற்று மிகும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் விரைவில் ஒன்றரை மணி நேரம் போதும்.

இதே வழியைத் தலைகீழாகச் சுற்றலாகாதா எனச் சிலர் கேட்கலாம். நம் நாட்டில் ஊர்திகள் சாலையின் இடப்புறம் செல்வன. ஆகவே இடஞ்சுழியாகச் சுற்றினால் பெரும்பாலான திருப்பங்கள் இடப்புறத் திருப்பங்களாகவே அமையும். எதிர்வரும் ஊர்திகளைக் குறுக்கிட்டுக் கடக்க நேராது. எஞ்சிய வலப்புறத் திருப்பங்களில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கடப்பதில் இழிவொன்றும் இல்லை. மேலும் நெரிசல் மிகும் உட்சாலைகளை வைகறையின் அமைதியில் முதலில் கடந்துவிடலாம். இளவெயில் ஏறும் வேளையில் மரநிழலும் கடற்காட்சியும் கிட்டும். வழி வகுப்பது வரைபடத்தில் கோடிழுக்கும் வேலை மட்டுமன்று. காலத்தையும் திசையையும் கருதிச் செய்யவேண்டிய கலையாகும்.

புறப்படும்முன் சக்கரங்களில் காற்றும், பிரேக்கின் பிடிப்பும், சங்கிலியின் எண்ணெய்ப் பசையும் பார்த்துக்கொள்க. பின்புறச் சிவப்பு விளக்கு, தலைக்கவசம், தண்ணீர் ஆகியவை இன்றியமையாதன. மேம்பாலங்களைத் தவிர்த்துக் கீழ்ச்சாலையில் செல்க. மெட்ரோ இரயில் பணிகளுக்காக வேலியிடும் இடங்கள் மாறிவருவதால், முன்னாளே வழியைப் பார்த்து வைத்தல் நன்று. குழுவாகச் செல்வோர், தம்முள் மிக மெல்லச் செல்பவரை முன்னே விட்டு அவர் விரைவுக்கே மற்றவர் இணங்குதல் வேண்டும். புதியவர்கள் கலங்கரை விளக்கத்திலிருந்து பெசன்ட் நகர் வரை சென்று மீளும் பாதி வழியோடு தொடங்கலாம்.

குறை எங்கே உள்ளது?

இத்துணை வளமிருந்தும் இவ்வழி ஒரு வழியாக இணையவில்லை. பூங்காக்கள் தனித்தனித் தீவுகளாகக் கிடக்கின்றன. அவற்றின் உட்பாதைகள் நடப்போர்க்கென அமைந்தவை, அது முறையே. ஆயின் வாயிலில் மிதிவண்டியைப் பூட்டி நிறுத்த இரும்புச் சட்டமொன்று இருத்தல் வேண்டாவா? ஒரு பூங்காவின் வாயிலுக்கும் அடுத்த பூங்காவின் வாயிலுக்கும் இடையே ஒரு கோடும் ஒரு வழிகாட்டிப் பலகையும் இருந்தால் போதும், தீவுகள் நாடாகிவிடும்.

கொள்கைக்குப் பஞ்சமில்லை. சென்னை மாநகராட்சி 2014-ஆம் ஆண்டிலேயே இயந்திரமில்லாப் போக்குவரத்துக் கொள்கையை ஏற்றது. போக்குவரத்துக்கென ஒதுக்கும் தொகையில் 60 விழுக்காடேனும் நடப்போர்க்கும் மிதிவண்டியோர்க்கும் உரிய வசதிகளுக்குச் செலவிடப்படவேண்டும் என அது கூறியது. ஏட்டில் எழுதிய அந்நெறி சாலையில் முழுதும் இறங்கவில்லை என்பதைக் காணக் கண்ணொன்றே போதும்.

பிற நாட்டார் இதனைச் செய்து காட்டியுள்ளனர். சிங்கப்பூரில் கிழக்குக் கடற்கரைப் பூங்கா முதலியவற்றை இணைத்து 42 கிலோமீட்டர்ச் சுற்றுவழி 2007-இல் முழுமை பெற்றது. கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் 1974 முதல் ஞாயிறுதோறும் முதன்மைச் சாலைகள் சில மணி நேரம் மிதிவண்டியோர்க்கும் நடப்போர்க்கும் விடப்படுகின்றன. முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்கு மனமே பெரிதும் வேண்டும்.

நம் தமிழகத்திலும் முன்மாதிரி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே புதுக்கோட்டை மாவட்டத்துச் சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி கற்றனர். ஏளனம் செய்தோர் முன்னே அவர்கள் வண்டியை உருட்டினர். நாளடைவில் ஏளனம் ஓய்ந்தது, வண்டி ஓடிக்கொண்டிருந்தது. அப்பெண்கள் தனிப்பாதை அமைந்தபின் ஏறுவோம் எனக் காத்திருக்கவில்லை என்பதை நம் மாணவியர் மனங்கொள்ள வேண்டும்.

பெரியோர்க்கும் மாணவர்க்கும்

"சாலை கொடிது; பிள்ளைகளை எங்ஙனம் அனுப்புவது?" எனப் பெரியோர் கேட்பர். அவ்வச்சம் நியாயமானதே. ஆயின் அதே பெரியோர் பதினெட்டு வயது நிரம்பியதும் விரைவு மிக்க மோட்டார் வண்டியைப் பரிசாக வாங்கித் தருகின்றனர். அச்சத்திற்கு மருந்து மேலும் விரைவன்று. பெற்றோரும் ஆசிரியரும் திங்களுக்கு ஒருமுறை தம் பிள்ளைகளோடு இச்சுற்றில் வந்தால், எங்கே பள்ளம், எங்கே இருள், எங்கே கடக்கவியலாத சந்திப்பு என்பதைத் தம் கண்ணால் காண்பர். கண்டவற்றைக் குறித்து மாநகராட்சிக்கு அனுப்பும் விண்ணப்பம் வலிமை உடையதாகும்.

கல்லூரிகளும் தம் பங்கை ஆற்றலாம். மிதிவண்டிக்கு நிழலான நிறுத்துமிடம் தருக. மாணவர் குழுவொன்று தம் ஊர்ப் பூங்காக்களை இணைத்து ஒரு சுற்றுவழி வரைபடம் ஆக்குக. ஆசிரியர் ஒருவரேனும் வாரத்தில் ஒருநாள் மிதிவண்டியில் வருக. ஆசிரியரே மிதிவண்டியில் வந்திறங்கும் வளாகத்தில், மிதிவண்டியில் வரும் மாணவரைக் கண்டு யார் சிரிப்பார்?

அந்த முதலாமாண்டு மாணவரை, வரும் ஞாயிறு வைகறையில் கலங்கரை விளக்கத்தருகே வருமாறு அழைத்துள்ளேன். "என் வண்டி பழையது ஐயா" என்றார். "என்னுடையதும் பழையதுதான், காற்றடித்துக்கொண்டு வா" என்றேன்.