பஞ்சத்தில் வந்தவன் பிழைக்க வந்தவனா?

தோட்டப் பாட்டாளித் தோழர்களே!

பைராம் தோட்டத்துப் பக்கம் நடந்த ஒரு பேச்சை முதலில் சொல்லிவிடுகிறோம். மழை பொய்த்து, கிணறு வற்றி, கால்நடை செத்து, ஊரைவிட்டுக் கிளம்பிக் கூடாரங்களில் கிடக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கு நம்மால் ஆன நாலு காசு திரட்டலாமே என்று நம்மவர் சிலர் உண்டியலோடு வீடு வீடாகப் போனோம். பெரும்பாலோர் கொடுத்தார்கள். சம்பளத்துக்கு இன்னும் எட்டு நாள் இருக்கும்போதும் கொடுத்தார்கள். ஒரே ஒரு அண்ணன் மட்டும் கையை மடக்கிக்கொண்டார். "சண்டைக்குப் பயந்து ஓடிவந்தவன் அகதி. வெள்ளத்தில் வீடு போனவனுக்கும் கொடுக்கலாம். மழை பெய்யவில்லை என்று ஊரைவிட்டு வந்தவன் பிழைக்க வந்தவன்தானே? பிழைக்க வந்தவனுக்கு எதற்கு உண்டியல்?" என்று கேட்டார்.

அந்த அண்ணன் கெட்டவர் அல்லர். சங்கச் சந்தா ஒரு மாதமும் தவறாதவர். வேலைநிறுத்தம் என்றால் முன்வரிசையில் நிற்பவர். அப்படிப்பட்டவர் வாயிலிருந்தே இந்தச் சொல் வந்ததுதான் நம்மை உறுத்துகிறது. ஏனெனில் இது அவருடைய சொல் அல்ல. அவருடைய பாட்டனைப் பார்த்து வெள்ளைக்காரத் துரைமார்கள் சொன்ன சொல். பாட்டன் முதுகில் விழுந்த சாட்டையைப் பேரன் கையில் எடுத்துக்கொண்டு நிற்கிறான் என்றால் நாம் வாயைப் பொத்திக்கொண்டிருக்க முடியுமா?

நம்மவர் எப்படிக் கடல் கடந்தார்கள் என்பதைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம். 1876-ஆம் வருஷம், தமிழுக்குத் தாது வருஷம். சென்னை மாகாணத்தில் வடகிழக்குப் பருவமழை கைவிட்டது. சேலம், கோயமுத்தூர், வட ஆர்க்காடு, பல்லாரி, கடப்பை, கர்நூல் என்று ஜில்லா ஜில்லாவாக நிலம் வெடித்தது. 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் மடிந்தவர்கள், குறைத்துக் கணக்கிடுபவர்கள் கணக்கிலேயே, ஐம்பது லட்சத்துக்கு மேல். அந்தப் பிணங்கள் விழுந்துகொண்டிருந்தபோதுதான், 1877 ஜனவரி முதல் நாள், வைஸ்ராய் லிட்டன் பிரபு டில்லியில் தர்பார் கூட்டி விக்டோரியா ராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பறையறிவித்தார்.

அரிசியே இல்லாமற் போய்விடவில்லை, தோழர்களே! வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் சென்னைக் கடற்கரையில் மூட்டை மூட்டையாக இறங்கியது. இல்லாமற் போனது அதை வாங்கக் கையில் காசு. சென்னை சர்க்கார் தானே தானியம் வாங்கிச் சேர்க்க முயன்றபோது, 'வியாபாரத்தில் கை வைக்காதே' என்று கல்கத்தா அதட்டியது. செலவைக் குறைக்க ஒரு மேதாவியையும் அனுப்பிவைத்தது. அவர்தான் சர் ரிச்சர்டு டெம்பிள்.

இந்த மனிதரின் கதை விசித்திரமானது. 1873-74-ல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசியை இறக்கி ஜனங்களைக் காப்பாற்றினார். சாவு மிகக் குறைவு. அதற்கு மேலிடம் பாராட்டவில்லை. பணத்தை வாரி இறைத்தாய் என்று திட்டியது. பாடம் படித்துக்கொண்ட டெம்பிள் சென்னைக்கு வந்தபோது வேறு மனிதராக வந்தார். கல் உடைக்கும் ஆண்மகனுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம், கூடக் கொஞ்சம் சில்லறை. இதுதான் 'டெம்பிள் கூலி'. ஒரு ராத்தல் அரிசியில் ஏறக்குறைய 1,600 கலோரி இருக்கும். வேலை செய்யாமல் கூடாரத்தில் முடங்கிக் கிடக்கும் மனிதனுக்கே இன்று சர்வதேச நிவாரண அமைப்புகள் 2,100 கலோரி வேண்டும் என்று வைத்திருக்கின்றன. மண் வெட்டுகிறவனுக்கு அன்று 1,600! சென்னையின் சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் 'இது உயிரைப் பிடித்து வைக்காது' என்று எழுதி எழுதிச் சண்டை போட்டார். பிற்பாடுதான் கூலி திருத்தப்பட்டது. அதற்குள் எத்தனை பேர் கல்குவியலின் மேலேயே சாய்ந்தார்களோ!

கூலியைவிடக் கொடியது இன்னொன்று. நிவாரண வேலை ஊர்ப்பக்கத்தில் கிடைக்காது. பத்து மைலுக்கு அப்பால் நடந்து போய் முகாமில் தங்கினால்தான் வேலை. 'உண்மையாகவே பசித்தவன் நடப்பான், சோம்பேறி நடக்கமாட்டான்' என்பது இதற்குச் சொன்ன தத்துவம். பசித்தவனுக்குப் பரீட்சை! நடக்க முடியாத கிழவி என்ன ஆவாள், பிள்ளைத்தாய்ச்சி என்ன ஆவாள் என்று பரீட்சை வைத்தவன் கேட்கவில்லை. மழை வெளியேற்றியது பாதி ஜனத்தை என்றால், நிவாரணமே வெளியேற்றியது மீதியை. நடந்து போய்ச் சேர்ந்த முகாமில் காத்திருந்தது காலரா. சென்னைப் பட்டணத்துக்குள் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு அப்படி வெட்டப்பட்டதுதான். வெட்டியவன் பெயர் அதற்கு இல்லை. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் நிலைத்துவிட்டது.

ஊரும் இல்லை, முகாமும் ஆகவில்லை என்று ஆனவர்களின் கால்கள் துறைமுகம் நோக்கித் திரும்பின. ஒரு பகுதி இலங்கைத் தோட்டங்களுக்கு. ஒரு பகுதி நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கு. ஜெரஜாக் தீவின் தொற்றுநோய்த் தடுப்பு முகாமில் அடைபட்டுக் கரையேறிய பிறகு செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்கள். நிபோங் திபால் வட்டாரத்தில் அப்போது பால்மரம் கிடையாது. எங்கும் கரும்பு. ரப்பர் வந்தது பிற்பாடு. கப்பலில் வந்தவன் காகிதத்தில் என்னவாக இருந்தான்? 'கூலி'. ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவன். கப்பல் செலவும் முன்பணமும் அவன் தலையில் கடன். பட்டினியால் விரட்டப்பட்டவன் என்று எந்தக் காகிதமும் சொல்லவில்லை. பசி என்ற காரணத்தை எழுதியிருந்தால் சோறு போடுவது சர்க்காரின் கடமை ஆகியிருக்கும். 'வேலை தேடி வந்தான்' என்று எழுதியதால் உழைப்பது அவன் கடமை ஆனது. ஒரு வார்த்தையை மாற்றிப் போட்டுப் பாட்டனின் உரிமையைத் தின்றுவிட்டார்கள் என்பதே நம் வழக்கு.

கைநாட்டு ஒப்பந்தம் மலாயாவில் 1910-ல் ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. அந்த வருஷம் இந்திய சர்க்கார் ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. இடையில் ஒன்று நடந்ததை மறந்துவிடக் கூடாது. 1930-ல் ரப்பர் விலை விழுந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் லட்சத்துக்கு மேற்பட்ட தமிழரை மூட்டை கட்டிக் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். எந்த வறண்ட மண்ணிலிருந்து வந்தார்களோ அதே மண்ணுக்கு! தேவைப்பட்டபோது 'உழைப்பாளி', தேவை தீர்ந்தபோது 'உபரி'. இரண்டுக்கும் நடுவில் மனிதன் என்ற பெயர் அவனுக்கு ஒருநாளாவது கிடைத்ததா?

இதெல்லாம் பழங்கதை என்று அண்ணன் சொல்லலாம். சரி, இன்றைய கதைக்கு வருவோம். மராட்டிய மாநிலத்தில் பீட் என்று ஒரு ஜில்லா. அடிக்கடி வறட்சி தாக்கும் பூமி. மழைக்காலம் முடிந்ததும் அங்கிருந்து லட்சக்கணக்கானோர் கரும்பு வெட்டக் கிளம்புகிறார்கள். தரகன் முன்பணம் கொடுக்கிறான். புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து ஓர் அரிவாள் என்று கணக்கு. ஒருவர் ஒருநாள் நின்றாலும் அபராதம். மாதவிலக்கு நாளிலும் நிற்கக் கூடாது என்பதால் இளம் பெண்கள் கருப்பையையே எடுத்துக்கொள்கிறார்கள் என்ற செய்தி 2019-ல் வெடித்தது. மாநில அரசு கமிட்டி போட்டது. அந்த ஜில்லாவில் விசாரித்த 80 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெண்களில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் கருப்பையை இழந்தவர்கள் என்று தெரிந்தது. வறட்சி, முன்பணம், கரும்பு! நம் பாட்டிமார்கள் கதைக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? கப்பல் ஒன்றுதான் குறைவு. இவர்களையும் 'பிழைக்கப் போனவர்கள்' என்றுதான் சொல்கிறார்கள்.

ஆப்பிரிக்காவின் சோமாலியாவைப் பாருங்கள். 2020 கடைசியிலிருந்து 2022 வரை தொடர்ந்து ஐந்து மழைக்காலம் பொய்த்தது. ஆடும் ஒட்டகமும் செத்து விழுந்தன. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் ஊரைவிட்டு நடந்தார்கள். பைடோவா பட்டணத்தைச் சுற்றிக் குச்சியும் துணியும் கொண்டு கட்டிய குடிசைகள் முளைத்தன. 2022 ஒரே வருஷத்தில் வறட்சியின் காரணமாகக் கூடுதலாக மாண்டவர்கள் 43 ஆயிரம் பேர் இருக்கலாம் என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சும் உலக சுகாதார ஸ்தாபனமும் யுனிசெஃபும் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. அதில் பாதி ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அதற்கும் பத்து வருஷம் முன்னால் 2011-ல் அங்கே 'பஞ்சம்' என்று ஐக்கிய நாட்டுச் சபை அறிவித்தபோது, அந்தப் பஞ்சத்தில் சாகப்போகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் ஏற்கனவே செத்திருந்தார்கள். அறிவிப்புக்காகப் பசி காத்திருக்குமா?

சட்டம் என்ன சொல்கிறது? 1951-ஆம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தம் இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது என்ற காரணங்களுக்காகக் கொடுமைக்கு அஞ்சி நாட்டைவிட்டு ஓடியவனையே அகதி என்கிறது. வறட்சி அதில் இல்லை. ஆப்பிரிக்க நாடுகள் 2009-ல் கம்பாலாவில் செய்துகொண்ட உடன்படிக்கை இயற்கைச் சீற்றத்தால் சொந்த நாட்டுக்குள்ளேயே பெயர்ந்தவர்களையும் காக்கவேண்டும் என்கிறது. நல்லதுதான். நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டால் அதுவும் துணைக்கு வராது. நம் மலேசியாவோ 1951 ஒப்பந்தத்திலேயே கையெழுத்திடவில்லை.

இனி, அப்படி வந்து சேர்ந்தவனுக்கு என்ன வேண்டும்? முதலில் தண்ணீர். ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று நிவாரண அமைப்புகள் அளவு வைத்திருக்கின்றன. நம் வீட்டில் ஒருவர் குளிக்கவே அது காணாது. அந்த அளவு பல முகாம்களில் கிடைப்பதில்லை. தண்ணீர் குறைந்த இடத்தில் பேதி வரும். குழந்தையைக் கொல்வது பெரும்பாலும் வெறும் பசி அல்ல, பசியால் இளைத்த உடம்பில் புகுந்த பேதியும் தட்டம்மையும். ஆகவே அரிசி மூட்டையோடு தடுப்பூசியும் கக்கூசும் சேர்ந்து போகவேண்டும். அரிசியைப் படம் பிடித்துப் பத்திரிகையில் போடலாம், கக்கூசைப் போட முடியாது. அதனாலேயே கொடையாளிகள் அதை மறந்துவிடுகிறார்கள் என்று நமக்குச் சந்தேகம். பெண்கள் இருட்டில் வெளியே போகவேண்டியிருந்தால் அவர்களுக்கு என்ன நேரும் என்பதைத் தோட்டத்து லயத்தில் ஒதுக்குப்புறக் கக்கூசுக்குப் போன நம் தாய்மார்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதைவிட முன்னதாகச் செய்யவேண்டியது ஒன்று உண்டு. ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே போய்ச் சேரவேண்டிய உதவி. கடைசி ஆடு சாவதற்கு முன் தீவனம், விதைநெல்லைத் தின்பதற்கு முன் கையில் ரொக்கம், நிலத்தை அடகு வைப்பதற்கு முன் கடன் நிறுத்தம். ஆடு போய், விதை போய், நிலமும் போனவனுக்கு மழை பெய்தாலும் திரும்ப ஊர் ஏது? அவன் வாசலில் நிவாரண வண்டிக்கு முன்னால் வந்து நிற்பது தரகனின் வண்டி. பீட் ஜில்லாவிலும் அதுதான், தாது வருஷத்திலும் அதுதான். நிவாரணம் பிந்திய ஒவ்வொரு நாளும் தரகனுக்கு லாபம்.

அண்ணனுக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது, நமக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லவில்லையே தவிர அடிமனத்தில் கிடப்பது அதுதான். 'வங்காளதேசத்துக்காரனும் இந்தோனேசியனும் வந்து நம் கூலியைக் கெடுக்கிறானே!' இந்தக் கேள்வியை நாம் சும்மா ஒதுக்கமாட்டோம். கூலி கெடுகிறது என்பது உண்மை. கெடுப்பது யார்? வங்காளதேசத்தின் வடமேற்கே ராஜ்ஷாஹிப் பக்கம் பரிந்த் என்று ஒரு மேட்டுநிலம், மழை குறைந்த பூமி. அங்கிருந்து ஒருவன் நிலத்தை விற்று ஏஜெண்டுக்குக் கட்டிவிட்டு இங்கே வந்தான் என்று வையுங்கள். கடன் தீரும்வரை அவனால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா? பாஸ்போர்ட்டை வேறொருவன் பெட்டியில் பூட்டி வைத்திருந்தால் சங்கத்தில் சேர முடியுமா? கூலியைக் கெடுப்பது அவன் கழுத்தில் கட்டிய கடன். கடனை அறுத்துவிடுங்கள், அவனும் நம்மோடு வரிசையில் நிற்பான். நம் பாட்டனும் கைநாட்டு ஒப்பந்தம் ஒழிந்த பிறகுதானே நிமிர்ந்தான்! அன்று இங்கிருந்த பிறர் நம் பாட்டனைப் பார்த்துக் 'கூலியைக் கெடுக்க வந்த கிளிங்கன்' என்று சொல்லாமலா இருந்தார்கள்?

ஆகவே நாம் கேட்பவை இவை. வறட்சியால் பெயர்ந்தவன் என்று அவன் காகிதத்தில் எழுதப்படவேண்டும். வேலை செய்தால்தான் சோறு என்ற டெம்பிள் பரீட்சை எந்த முகாமிலும் கூடாது. ஆள் பிடிக்கும் செலவு ஆளை எடுக்கும் முதலாளியுடையது, ஆளுடையது அல்ல. பாஸ்போர்ட் அவரவர் கையில் இருக்கவேண்டும். மலேசிய சர்க்கார் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதோடு, வறட்சியும் ஒரு காரணம் என்று உலக சபையில் எழுந்து பேசவேண்டும். இந்த வட்டாரத்து ஒவ்வொரு கிளையிலும் இதைத் தீர்மானமாகப் போட்டு மேலிடத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். செயலாளர்கள் 'பார்க்கலாம்' என்று மேசை இழுப்பில் வைத்துவிடும் வழக்கம் நமக்குத் தெரியாததல்ல. வைத்தால் மறுபடி கேட்போம்.

உண்டியல் அடுத்த சம்பள நாளன்று மாலை மறுபடி வரும். முதலில் அந்த அண்ணன் வீட்டுக்குத்தான் போகப்போகிறோம். காசு போடாவிட்டாலும் பரவாயில்லை. தம் பாட்டன் எந்த ஊரிலிருந்து, எந்த வருஷம், ஏன் கப்பலேறினார் என்று அவர் உட்கார்ந்து நமக்குச் சொல்லட்டும், கேட்டுக்கொண்டு வருகிறோம்.