காலைக் கட்டிவிட்டு ஊர் காட்டுவதா?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விளக்குத்தூண் அருகே கூடும் அந்தச் சிறு கூட்டத்தை மதுரைக்காரர்கள் அதற்குள் மறந்திருக்க மாட்டார்கள். தோளில் தண்ணீர் பாட்டிலும் கையில் பென்சிலுமாகப் பிள்ளைகள், பாதித் தூக்கத்தில் அப்பாக்கள், எல்லாரையும்விட உற்சாகமாகத் தாத்தா பாட்டிகள். மாசி வீதியில் தொடங்கி, மீனாட்சி கோயிலைச் சுற்றி, ஒன்பது மணிக்குத் திருமலை நாயக்கர் மகாலில் முடியும் அந்த நடை இனிமேல் கிடையாதாம். அதற்குப் பதில் ஏசி வேன். நான்கு மணி நேரத்தில் எட்டு இடங்கள். அதிகாரிகளிடமிருந்து விளக்கம் வரும் என்று இரண்டு வாரம் பொறுத்திருந்தோம். வந்தது விளம்பரப் பலகைதான்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் இருப்பது 240 நிமிடம். எட்டு இடங்களுக்கு இடையே ஏழு பயணம். நம் ஊர் நெரிசலில் ஒன்றுக்குக் கால் மணி நேரம் என்று தாராள மனதோடு வைத்தாலும் 105 நிமிடம் வேனிலேயே கழிந்துவிடும். பிள்ளைகளை இறக்கி எண்ணவும் மறுபடி ஏற்றி எண்ணவும் இடத்துக்கு ஐந்து நிமிடம் வீதம் இன்னொரு 40. மிச்சம் 95 நிமிடம். இடத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்கூடத் தேறவில்லை. மகாலின் ஒரு தூணைச் சுற்றி வளைக்க எத்தனை பிள்ளைகள் கைகோக்க வேண்டும் என்று சண்டை போட்டுக் கண்டுபிடிக்கவே அது போதாது.

நம் ஆத்திரம் நேரக் கணக்கோடு தீர்வதும் அல்ல. மதுரை காலால் படிக்கவேண்டிய ஊர். கோயிலை நடுவில் வைத்து ஆடி, சித்திரை, ஆவணி மூல, மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். தமிழ் மாதங்களைப் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் பிள்ளை, இங்கே மாதத்தின் மேலேயே நடக்கிறது. ஒரு சதுரத்திலிருந்து அடுத்த சதுரத்துக்கு வரும்போது வீதியின் அகலம் மாறுகிறது, கடை மாறுகிறது, வாசனை மாறுகிறது. நடந்தால் உள்ளங்காலுக்கே இது புரிந்துவிடும். கறுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லா வீதியும் ஒரே வீதிதான். கடைப் பலகைகளும் இருசக்கர வண்டிகளும்தான்.

அந்த நடையில் பிள்ளைகள் கேட்ட கேள்விகள் வேனில் பிறக்குமா? சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது? ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி கேட்ட கேள்வி இது. மாசியில் நடந்துவந்த மீனாட்சி கல்யாணத்தை, அழகர் ஆற்றில் இறங்கும் விழாவோடு சேர்ப்பதற்காகத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. திருவிழா மாதம் மாறியது, தேருக்கு அகலமான மாசி வீதி மாறவில்லை. தேர்முட்டி அருகே நின்று, தேர் திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று தன் காலடியால் அளந்து பார்த்த பிள்ளைக்கு அந்தப் பதில் ஆயுசுக்கும் மறக்காது.

வெளி வீதியை எடுத்துக்கொள்ளுங்கள். எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார்கள். அந்த வேலையில் நின்ற மாரட் பெயரிலும் பெருமாள் மேஸ்திரி பெயரிலும் இன்றும் வீதிகள் இருக்கின்றன. பிள்ளைகள் கூடி நின்ற விளக்குத்தூணே பிளாக்பர்ன் நினைவாக வைத்ததுதான். ஒரு மேஸ்திரியின் பெயரை வீதிக்கு வைத்த ஊர் இது. (இன்றைக்கு வேலை செய்தவன் பெயரைத் தேடினால் கிடைக்காது, கல்வெட்டு முழுக்கத் திறந்துவைத்தவர் பெயர்தான்.) பெரியார் பேருந்து நிலையம் அருகே எஞ்சி நிற்கும் கொத்தளத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இல்லாத மதிலைக் கற்பனையில் எழுப்பிக்கொண்டே நடப்பதுதான் அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டு. வேனில் அந்தக் கொத்தளம் எட்டு இடங்களில் ஒன்றாகக்கூட இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் இந்த ஏற்பாடு என்கிறார்கள். சித்திரை வீதிகளில் வாகனமே விடுவதில்லை. ஒரு பிள்ளை கையை உதறிக்கொண்டு ஓடினாலும் பெற்றவளுக்கு நெஞ்சு பதறாத வீதி இந்த ஊரில் உண்டென்றால் அது அதுதான். வேனும் அங்கே போகாது. எங்கோ தள்ளி நிறுத்தி, வண்டிகளுக்கு நடுவே பிள்ளைகளை நடத்திக் கூட்டிவரவேண்டும். ஆபத்தில்லாத இடத்தில் நடந்தவர்களை ஆபத்தான இடத்தில் நடக்கவைப்பதற்குப் பெயர் பாதுகாப்பாம். வெயில் என்று இன்னொரு சாக்கு. ஆறரை மணிக்கு எந்த வெயில்? வேன் கிளம்புவதுதான் பத்து மணிக்கு.

தெப்பக்குளத்துக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கும் கீழடிக்கும் வண்டி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம்தான் தெப்பக்குளம் என்றும், அங்கே தோண்டும்போது கிடைத்தவர்தான் கோயிலுக்குள் இருக்கும் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். மகாலை அண்ணாந்து பார்த்த கையோடு தெப்பக்குளத்தைக் குனிந்து பார்த்தால் அது கதை. இரண்டாவது இடம், ஏழாவது இடம் என்று பிரித்துப் போட்டால் அது பட்டியல். பட்டியல்தான் தயாரிக்கத் தெரியும் என்றால் என்ன செய்வது?

பிள்ளைகளை ஊரிடமிருந்து பிரிப்பது இந்த அதிகாரிகளுக்கு முதல் தடவையும் அல்ல. புதுமண்டபத்தில் தையல் மிஷின் சத்தமும் பாத்திரக்கடையும் புத்தகக்கடையுமாக இருந்த காலத்தில், நாயக்கர் சிலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாவாடைக்கு அளவு கொடுத்துதான் இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் சரித்திரத்தோடு பழகினார்கள். சிற்பங்கள் மூச்சுவிடட்டும் என்று கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு அனுப்பினார்கள். நியாயம் என்றுதான் நாமும் எழுதினோம். அனுப்பியதில் காட்டிய வேகத்தில் கால்வாசியைப் பிள்ளைகளை உள்ளே அழைப்பதில் காட்டியிருக்கலாம். கிழக்கே நாலடி போனால் ஏழுகடல் தெரு. கடல் எங்கே என்று பிள்ளை கேட்டால் வணிக வளாகத்தைக் காட்டவேண்டியிருக்கிறது. குளத்தைத் தூர்த்துக் கடை கட்டிய புண்ணியவான்கள் இவர்களுடைய முன்னோர்.

ஸ்மார்ட் சிட்டி என்று மாசி வீதிகளைத் தோண்டிப் போட்டு, கடைக்காரர்களைப் புழுதி தின்னவைத்து, பலகை போட்டு வீட்டுக்குள் ஏறவைத்தார்களே, அது யாருக்காக? நடப்பவர்களுக்காக என்றார்கள். நடைபாதையும் வந்தது. அதில் சிரித்துக்கொண்டே நடந்த ஒரே கூட்டத்தையும் இப்போது வேனில் ஏற்றுகிறார்கள். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், முடிவெடுக்கும் முன் அந்த நடையில் ஒரு ஞாயிறு வந்திருப்பாரா? வந்திருந்தால் இன்னொன்றும் கண்ணில் பட்டிருக்கும். கோயிலுக்குள் செல்போன் கூடாது. அப்பாவின் கை இரண்டும் காலியாக இருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில், பொற்றாமரைக் குளத்துப் படியில் பிள்ளைகள் எவ்வளவு பேசுகிறார்கள்! வேனில் ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்து அந்தப் பேச்சுக்கும் முடிவு கட்டிவிட்டார்கள்.

நடையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடங்களும் மாசி வீதி வியாபாரிகளும் ஊரை அறிந்த பெரியவர்களும் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்தால் ஏதாவது ஒரு வழி பிறக்கும். அதுவரை அந்த வேனை நிறுத்தி வையுங்கள்.

நிறுத்தமாட்டார்கள். முதல் வேன் வரும் ஞாயிறு கிளம்புகிறதாம். அன்றைக்குப் பெரிய முகூர்த்தம். நகைக்கடையும் ஜவுளிக்கடையும் நிரம்பி வழியும் தெற்கு மாசி வீதியில் பத்தரை மணிக்கு அது எத்தனை அடி நகர்கிறது என்று நடந்துபோய்ப் பார்க்கத்தான் போகிறோம்.