அது உறக்கம் அல்ல

யாழ்ப்பாணக் குடாநாட்டில் போதைப்பொருள் பற்றிய பேச்சு, கடற்கரையில் கைப்பற்றப்பட்ட பொதிகளையும் நீதிமன்றில் முற்படுத்தப்பட்ட இளைஞர்களையும் சுற்றியே பெரும்பாலும் நிற்கின்றது. ஹெரோயின் அளவுமீறிச் சேர்ந்த ஒருவர் பூட்டிய அறையில் மூச்சுத் தளர்ந்து கிடக்கும்போது அவ்வீட்டார் செய்ய வேண்டியது யாது என்பதை எவரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளையின் உயிர் தங்கியிருப்பது அந்தச் சில நிமிடங்களிலேயே என்பதால், இந்த மௌனம் பெரும் குறையாகும்.

ஹெரோயின், மோர்பின், திரமடோல் முதலியவை அபினியோடு உறவுடைய மருந்துகளாகும். மூளையிலுள்ள ஏற்பிகள் எனப்படும் நுண்ணிய இடங்களில் இவை பொருந்தி நோவை ஆற்றுவதோடு, மூளைத்தண்டில் இருந்து மூச்சை இயக்கும் பகுதியையும் மந்தமாக்குகின்றன. அளவு மிஞ்சினால் மூச்சு இடைவெளி நீண்டு, இறுதியில் நின்றுவிடுகின்றது. பலர் ஏமாறுவது இங்கேதான். தொண்டை தளர்ந்து எழும் கரகரப்பான, விட்டுவிட்டு வரும் ஒலியை வெளியே இருப்போர் குறட்டை என எண்ணி, “நல்லாய் நித்திரை கொள்ளுறான், கிடக்கட்டும்” என்று கதவைச் சாத்திவிடுகின்றனர். உண்மையில் உறங்குபவரை உரத்து அழைத்தாலோ, மார்பெலும்பை விரல்மொழியால் அழுத்தித் தேய்த்தாலோ அவர் விழித்துக்கொள்வார், இவர் விழிக்கமாட்டார். இமையை விலக்கினால் கண்மணி குண்டூசித் தலையளவுக்குச் சுருங்கியிருக்கும். உதடும் நகக்கண்ணும் நீலம் பாரித்திருக்கும்.

அந்த நேரத்தில் முகத்தில் தண்ணீர் அடிப்பதும் தேசிக்காய்த் தண்ணீர் பருக்குவதும் பயன் தராததோடு, பருக்கிய நீர் மூச்சுக்குழலுள் இறங்கினால் உயிருக்கே ஆபத்தாகும். 1990 என்ற இலக்கத்தில் அம்புலன்ஸை அழைத்துவிட்டு, மூச்சு நின்றிருந்தால் அல்லது மிகவும் தளர்ந்திருந்தால் தலையைப் பின்சாய்த்து, மூக்கைப் பொத்தி, ஐந்து வினாடிக்கு ஒருமுறை வாய்வழி மூச்சு ஊதுவதும், மூச்சு சீராக இருந்தால் ஒருபக்கமாகச் சரித்துக் கிடத்துவதுமே முறை.

இந்நிலையை மாற்றும் மருந்து நலொக்சோன். 1971 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற இம்மருந்து, ஏற்பிகளில் அமர்ந்திருக்கும் அபினி வகை மருந்தைத் தள்ளி, அவ்விடத்தைத் தான் பிடித்துக்கொள்வதால் சில நிமிடங்களில் மூச்சு மீள்கின்றது. ஐஸ் எனப்படும் போதைப்பொருளுக்கும் பிரிகபலின் குளிகைக்கும் இது முறிமருந்தாகாது. எனினும் உண்டது எதுவென்று தெரியாத நிலையிலும் கொடுக்கலாம், அபினி வகை உடலில் இல்லாதவருக்கு அதனால் கேடில்லை. இதன் பயன் முப்பது முதல் தொண்ணூறு நிமிடங்களே நீடிப்பதால், கண் விழித்தவர் எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும்.

அளவுமீறலை நேரில் காணக்கூடிய எவருக்கும் நலொக்சோன் கிடைக்க வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2014 இல் பரிந்துரைத்தது. மூக்கினுள் பீச்சும் வடிவத்தை மருந்துச் சீட்டின்றி விற்க அமெரிக்கா 2023 இல் அனுமதித்தது. யாழ்ப்பாணத்துக்கு இப்பரிந்துரை மிகவும் பொருந்தும், ஏனெனில் கந்தக்காடு போன்ற புனர்வாழ்வு நிலையங்களிலிருந்தும் சிறைகளிலிருந்தும் வீடு திரும்புவோரே மிகுந்த ஆபத்தில் உள்ளனர்: பல மாதங்கள் விலகியிருந்ததால் உடலின் தாங்குதிறன் குறைந்திருக்க, மனம் மட்டும் பழைய அளவையே நினைவில் வைத்திருக்கின்றது. மகன் திருந்தி வந்துவிட்டான் என்று தாய் நிம்மதியடையும் அந்த முதற் கிழமைகளே கொடியவை. ஆகவே விடுவிக்கப்படும் ஒவ்வொருவரின் வீட்டாருக்கும் இம்மருந்தையும் அதைக் கொடுக்கும் பயிற்சியையும் வழங்குவதை மத்திய, மாகாணச் சுகாதாரத் துறைகள் தம் கடமையாகக் கொள்ள வேண்டும்.

பொலிஸ் வருமோ, ஊர் என்ன சொல்லுமோ என்ற அச்சமே பல வீடுகளில் அழைப்பைத் தாமதிக்கச் செய்கின்றது. அயலார் அறிந்தால் வரும் அவமானத்தை ஒரு குடும்பம் தாங்கிக்கொள்ளலாம். இழந்த உயிரை எவராலும் மீட்டுத் தர முடியாது. 2018 இல் வட மாகாணத்துக்கு வந்த 1990 சேவை இலவசமானது. அறையிலிருந்து வழமைக்கு மாறான குறட்டை கேட்டால், வாசகர்களே, கதவைத் திறந்து பாருங்கள், உடனே அழையுங்கள்.