சுவரும் வரலாறே

பங்குக் கோயில்களின் நூற்றாண்டு மலர்களைப் புரட்டும்போதெல்லாம் நமக்கு ஒரு குறை தோன்றுவதுண்டு. அடிக்கல் நாட்டிய ஆண்டு, கோபுரத்தின் அழகு, பணியாற்றிய குருக்களின் வரிசை எல்லாம் இருக்கும். மக்கள் எவரெவர் எங்கெங்கே அமர்ந்து வழிபட்டனர் என்பது மட்டும் இராது.

ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வருவோர் அங்கே புனித வளனார் பேராலயத்தைக் காணலாம். 1866இல் தொடங்கிய அதன் கட்டுமானம் 1872இல் நிறைவுற்றது. அதே 1872ஆம் ஆண்டைத் தன் வரலாற்றில் தாங்கி நிற்கும் இன்னோர் ஆலயம் நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் உண்டு. 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. அவர் 2022இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

அவ்வூரின் திருக்குடும்ப ஆலயம் இரு கூடங்களாகப் பிரிந்து, பீடத்தருகே ஒன்றுகூடும் அமைப்பில் எழுந்தது. அதைக் கால்சட்டைக்கு ஒப்பிட்டோர் உண்டு. ஒருபுறம் வேளாளர் முதலியோர், மறுபுறம் நாடார். இருசாராரும் ஒரே பீடத்தைக் காண்பர். ஒருவரை ஒருவர் காணார். சாதியே அங்கு வரைபடம் தீட்டியது எனலாம்.

1910இல் பங்குத் தந்தை கௌசானல் அடிகளின் காலத்தில் அத்தடுப்பு அகற்றப்பட்டது. பிரிவினையை உரிமையெனக் கருதியோர் நீதிமன்றம் ஏறினர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்றது. சுவரை மீட்டெழுப்ப அது இசையவில்லை.

பழைய புண்ணைக் கிளறுவானேன் என்று சிலர் வினவக்கூடும். புண் ஆறியிருந்தால் அவ்வினா பொருந்தும். 2008இல் எறையூரில் தலித் கிறித்தவர்கள் தனிப் பங்கு கேட்டதைத் தொடர்ந்து மோதல் மூண்டது. காவல்துறையின் துப்பாக்கிச்சூட்டில் இருவர் மாண்டனர். செங்கல் சுவர் வீழ்ந்து ஒரு நூற்றாண்டு கடந்தும், கல்லறைத் தோட்டங்கள் பலவற்றில் பிரிவினை நீடித்தே வந்துள்ளது.

சுவரை எழுப்பியதும் கோயிலின் வரலாறே, இடித்ததும் வரலாறே. முன்னதை மறைத்தால் பின்னதன் துணிவும் மறைந்துபோகும். ஆதலின், மலர் வெளியிடவிருக்கும் பங்குகளுக்கு நம் வேண்டுகோள் ஒன்றே: கோபுரத்தின் படத்தோடு, மக்கள் அமர்ந்த கூடத்தின் பழைய வரைபடத்தையும் அச்சிடுங்கள்; எந்த வாயில் எவருக்கு உரியதாய் இருந்தது என்பதை, நினைவுள்ள முதியோர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.