ஐயமும் பிடிவாதமும்

2001ஆம் ஆண்டு செப்டம்பர் 11ஆம் நாள், கடத்தப்பட்ட விமானங்கள் மோதி நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்கள் வீழ்ந்தன. விமான எண்ணெய்த் தீயில் எஃகு உருகாது, ஆதலின் அரசினரே வெடி வைத்துத் தகர்த்தனர் என்பார் இன்றும் உளர்.

எஃகு உருகாது என்பது மெய்யே. ஆயின், கொல்லன் உலையிலிட்ட இரும்பு உருகாமலே வளைதலை நாம் காண்கிலமோ? ஏறத்தாழ 600 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் எஃகு தன் வலிமையிற் பாதியை இழக்கும். மோதலால் தூண்கள் பல முறிந்தபின், தீயில் இளகிய ஏனையவை மேல்மாடிகளின் சுமையைத் தாங்கமாட்டாவாயின.

ஐயுறுதல் குற்றமன்று. மாண்டோர் குடும்பத்தார் வற்புறுத்தியமையாலன்றோ 2002இல் விசாரணைக் குழு அமைந்தது! விடை வந்தபின்னும் அதனை ஆராயாது வினாவையே பற்றி நிற்றல் ஐயமன்று, பிடிவாதமே. நண்பர்காள், அரசினரை வினவும் உரிமையைக் கைவிடோம். நம் ஐயத்தையும் அங்ஙனமே வினவக் கடவோம்.